46 இன்ஜினா, பெட்ரோலா, மோட்டாரா: ஒரு ட்ரெய்னர் விமானத்துக்கு மூக்கு தேடிய கதை

கூட வேலை பார்த்த நண்பர் கோவையை விட்டுப் போகும்போது தன்னுடைய ஆர்சி ட்ரெய்னர் விமானத்தை, அதாவது ரிமோட்டில் ஓட்டிப் பழகும் மாடல் விமானத்தை, என் தலையில் கட்டிவிட்டுப் போனார். 160 செ.மீ. இறக்கை, பால்சா மரமும் லைட் பிளைவுட்டும் கொண்டு செய்த உடம்பு, இறக்கை மேலே உட்காரும் ரகம். மூக்கில் ஒரு 46 க்ளோ இன்ஜின். “ஓடும்ங்க, ஆறு வருஷம் முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு” என்றார். ப்ராப்பை, அதாவது மூக்கில் சுற்றும் விசிறியை, பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விமானமே என் கையோடு திரும்பியது. ப்ராப் மட்டும் இன்ஜினோடு இறுகிப்போய் அசையவே இல்லை.

அந்த மூக்கில் கடைசியாக எதை மாட்டுவது என்று முடிவு செய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது. எந்த இன்ஜின் நல்லது என்றுதான் நானும் முதலில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். எரிபொருள் கேனில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

46 என்பது 0.46 கன அங்குலம், ஏறக்குறைய 7.5 சிசி. 40 என்றால் 6.5, 61 என்றால் 10. இரண்டரை கிலோ ட்ரெய்னருக்கு 40-லிருந்து 46 வரை பொருத்தம். இந்த இன்ஜின்களில் ஸ்பார்க் கிடையாது. தலையில் ஒரு க்ளோ பிளக், அதற்குள் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்துச் சுருளைச் சிவக்க வைக்க வேண்டும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரிபொருளான மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையும் உள்ளே எரிகிற சூடும் சேர்ந்து சுருளை அணையவிடாது. அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1947-ல் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் பாயிண்ட், காயில், பேட்டரி என்று ஒரு குட்டி மோட்டார் சைக்கிளின் வயரிங்கையே மாடல் விமானம் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது.

சரி, இறுகிய இன்ஜினுக்கு வருவோம். க்ளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். அதில் நம்ம விளக்கெண்ணெயும் உண்டு. சூட்டைத் தாங்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் துடைக்காமல் பரணில் போட்டுவிட்டால் வார்னிஷ் மாதிரி உறைந்துவிடும். எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாகப் பார்த்தபோது பிஸ்டன் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தது. இந்த நிலையில் ப்ராப்பைப் பிடித்து முறுக்கினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கையும் பின் மூடியையும் கழற்றி, ஹீட் கன்னால் ஐந்து நிமிடம் சிலிண்டரைச் சுற்றிச் சூடு காட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஓட வேண்டும், அந்த அளவு சூடு. அப்புறம் கனமான கையுறையோடு ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டினேன். மூன்றாவது சுற்றில் ‘பளிச்’ என்று விட்டது. வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. குழந்தைக்கு ஏதும் பேதி மருந்து கொடுத்தாயா என்று அம்மா கேட்டார்.

கழற்றியதைக் கழுவி எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குப் போனேன். பேரிங் பிடுங்க ஒரு டூல் இரவல் வாங்கத்தான் போனது. அங்கிருந்த மூத்த மெக்கானிக் பிஸ்டனை, அது ஓடும் குழாயான ஸ்லீவுக்குள் விட்டுப் பார்த்தார். “மேல வர வர பிடிக்குதுங்களே தம்பி. போர் தேஞ்சு ஒழுங்கில்லாம போயிருக்கு. ஒரு ஹோனிங் போட்டுட்டா வழுக்கிட்டு ஓடும்” என்று உள்சுவரைத் தேய்க்கும் கல்லை எடுத்தேவிட்டார். பாய்ந்து போய் ஸ்லீவைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் மேல் தப்பில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த இன்ஜின்களில் மேலே பிடித்தால் அது கோளாறுதான். இதில் அப்படியில்லை. அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதன் மேல் குரோம் பூச்சு, பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவின் மேல்பாதியை வேண்டுமென்றே கொஞ்சம் ஒடுக்கிச் செய்திருப்பார்கள். ஓடும்போது மேல்பக்கம்தான் அதிகம் சூடாகும், பித்தளை விரியும், அப்போதுதான் போர், அதாவது உள்துளை, நேராகும். குளிர்ந்த நிலையில் மேலே வந்து ‘கிர்க்’ என்று பிடிப்பதுதான் இன்ஜின் நன்றாக இருப்பதற்கு அடையாளம். ஹோனிங் போட்டிருந்தால் அன்றோடு அது பேப்பர் வெயிட். செகண்ட் ஹேண்டில் ரிங் இல்லாத க்ளோ இன்ஜின் வாங்குகிறவர்கள் இந்தப் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வழுவழுவென்று சுற்றினால் விட்டுவிட்டு வாருங்கள்.

பேரிங் இரண்டுமே போயிருந்தன. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் உள்ளே எண்ணெய் விட்டு வைக்காவிட்டால் பின் பேரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். இன்ஜின் கூட்டை மறுபடி சூடாக்கி ஒரு மரக்கட்டையில் தட்டினால் பேரிங் தானாகவே விழும், டூலே தேவைப்படவில்லை. கேலிப்பரில் அளந்தால் பின்னது 15×28×7 மி.மீ., முன்னது 7×19×6. அதாவது கடையில் கேட்க வேண்டியது 6902-ம் 607-ம். இன்ஜின் பெயரைச் சொல்லி ஆன்லைனில் வாங்கினால் விலை வேறு, கடையில் நம்பரைச் சொல்லி வாங்கினால் விலை வேறு.

“எந்த மோட்டாருக்குங்க? பம்புக்கு இந்த சைஸ் வராதே” என்றார் பேரிங் கடைக்காரர்.

“மோட்டாருக்கு இல்லீங்க, பிளேனுக்கு.”

பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி எழுதத் தொடங்கினார். இரண்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. பின் பேரிங்கின் ரப்பர் மூடிகளை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டேன். எரிபொருளில் வரும் எண்ணெய்தான் அதற்கு மசகு, மூடி இருந்தால் உள்ளே போகாது.

தேக்குப் பலகையில் ஒரு ஸ்டாண்ட் செய்து, அதைக் கனமான மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். 11×6 ப்ராப், அதாவது 11 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 6 அங்குலம் முன்னேறும் முறுக்கு. எங்கள் கிளப்பின் மூத்தவர் தன்னிடம் சீல் பிரிக்காமல் இருந்த பழைய ஸ்டாக்கில் இரண்டு லிட்டர் கொடுத்தார். ஐந்து சதவீதம் நைட்ரோமீத்தேன் கலந்தது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகை இரண்டரைச் சுற்று திறந்து, பிளக்குக்குச் சூடு கொடுத்து, எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்தேன். இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டது. ஆறு வருடத் தூக்கத்துக்குப் பிறகு அப்படி ஒரு சத்தம். முதலில் எரிபொருள் அதிகமாகப் போய்த் தொண்டை கட்டியது போலக் கனைத்தது, வெள்ளைப் புகை. ப்ராப்புக்குப் பின்னால் நின்றபடி நீடிலைக் கிளிக் கிளிக்காக மூட மூட, கனைப்பு அறுந்து ஒரே சீரான இரைச்சலுக்கு மாறியது. முழு த்ராட்டிலில் எரிபொருள் குழாயை ஒரு நொடி கிள்ளிவிட்டால் வேகம் லேசாக ஏறி இறங்க வேண்டும். ஏறாமலே செத்தால் எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே பறக்கவிட்டால் மேலே ஏறும்போது நின்றுவிடும். டாக்கோமீட்டரில் 11,200 ஆர்பிஎம். அந்த வேகத்தில் ப்ராப் நுனி மணிக்கு 590 கி.மீ. போகும். முன்னால் நின்று நீடில் திருப்பக் கூடாது என்பது அதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 46 இன்ஜின் பெட்டிகளில் 1.6 குதிரைத்திறன் என்று அச்சடித்திருப்பார்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 16,000 ஆர்பிஎம் என்றும் இருக்கும். ட்ரெய்னரில் 11×6 போட்டுக்கொண்டு யாரும் 16,000 சுற்றப் போவதில்லை. அந்த ப்ராப்பை 11,200-ல் சுற்ற உண்மையில் தேவைப்படுவது ஏறக்குறைய 540 வாட், முக்கால் குதிரைத்திறனைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த 540-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஓடிய சந்தோஷத்தில் அப்படியே மாட்டிப் பறக்கவிட்டிருப்பேன். கேனைத் தூக்கிப் பார்த்தேன். டேபிளில் ஓட்டியே அரை லிட்டர் போயிருந்தது. நிமிடத்துக்கு 30 மில்லி குடிக்கிறது. மீதி ஒன்றரை லிட்டர் என்றால் நாலைந்து டேங்க். புதிதாகப் பழகுகிற என் அக்கா மகனுக்கு நாலைந்து டேங்க் என்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு? தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகு, ‘விமானத்துக்கு மெத்தனால்’ என்று ஒரு கெமிக்கல் கடையில் போய்க் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. கேட்கவும் கூடாது. கலந்து வைத்த எரிபொருளை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம் என்றால், தீப்பிடிக்கும் திரவத்தைக் கூரியர்காரர்கள் தொடமாட்டார்கள்.

அப்போ பெட்ரோல். பங்க் எல்லா ஊரிலும் இருக்கிறது. கிளப்பில் ஒருவர் 20 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றை விற்க வைத்திருந்தார், விலையும் படிந்தது. வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்ஜின், மஃப்ளர், இக்னிஷன் பெட்டி, அதற்குத் தனி பேட்டரி, பெரிய ப்ராப் எல்லாவற்றையும் அவர் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 950 கிராம் சொச்சம். என் 46 மஃப்ளரோடு 490. வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பையில் போல்ட்டும் நட்டுமாக 950 கிராம் அள்ளி, விமானத்தின் மூக்கில் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் டேப் போட்டுக் கட்டினேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு பொத்தென்று தரையைப் பார்த்தது.

கூடுதல் எடை 460 கிராம். அது இருக்கும் இடம் சமநிலைப் புள்ளிக்கு 28 செ.மீ. முன்னால். அதை ஈடுகட்ட 70 செ.மீ. பின்னால் இருக்கும் வாலில் 184 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக மொத்தம் 640 கிராமுக்கு மேல் சும்மா சுமக்க வேண்டும். 2.6 கிலோ விமானம் 3.2-ஐத் தாண்டிவிடும், இறக்கையின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 56 கிராமுக்குப் பதில் 70 கிராம் சுமக்கும். இறங்கும் வேகம் கூடும், பழகுகிறவனுக்கு யோசிக்க நேரம் குறையும். இன்ஜினைத் தாங்கும் முன்பலகையான லைட் பிளை ஃபயர்வால் ஒரு பெரிய சிலிண்டரின் அதிர்வை எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கவலை. 10 சிசி அளவில் சின்னப் பெட்ரோல் இன்ஜின்களும் வருகின்றன, எடை பொருந்தும். ஆனால் விலையைப் பார்த்தால் விமானத்தைவிட அதிகம். தவிர, இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் குட்டி கார்புரேட்டர்களுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் டயாஃப்ரமுக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். ஒவ்வொரு முறையும் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். க்ளோவுக்குப் போட்ட சிலிக்கான் குழாயும் பெட்ரோலில் ஊதிப்போகும், அதையும் மாற்ற வேண்டும். க்ளோ ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் எனக்கு உயிர், ஆனால் அதுவும் குடிப்பது மெத்தனால்தான்.

கடைசியில் பேட்டரியில் ஓடும் மோட்டார். எனக்கு இதில் முதலில் விருப்பமே இல்லை, மிக்ஸி மாதிரி இரையும் என்று. கணக்குப் போட்டதும்தான் மனம் இறங்கியது. ட்ரெய்னருக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும் என்பது பொதுவான அளவு. எனக்கு வேண்டியது 46 கொடுத்த அதே 540 வாட், ப்ராப்பில். மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் தின்பது போகக் கிடைக்க வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து 650 வரை இழுக்க வேண்டும். 770 கேவி மோட்டார், நாலு செல் லிப்போ பேட்டரி, 60 ஆம்பியர் ஈஎஸ்சி. கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற எண். க்ளோவைவிட மெதுவாகச் சுற்றுவதால் பெரிய ப்ராப் போடலாம், 13×6.5 எடுத்தேன். எடையிலும் பெரிய வித்தியாசமில்லை. 46 மஃப்ளரோடு 490, நிறைந்த டேங்க் 300, த்ராட்டில் சர்வோ 40, ஆக 830. மோட்டார் 290, ஈஎஸ்சி 70, 5000 எம்ஏஹெச் பேட்டரி 510, ஆக 870.

மோட்டார் இன்ஜினைவிடக் குட்டை. ப்ராப் பழைய இடத்துக்கே வர, ஃபயர்வாலுக்கு முன்னால் பிளையில் ஒரு சின்னப் பெட்டி செய்து எபாக்சி பசை போட்டு ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மொட்டை மாடியில் வாலைக் கயிறு போட்டுத் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டி, மெதுவாக த்ராட்டிலை ஏற்றினேன். பாதி, சரி. முக்கால் தாண்டும்போது ‘டப்’. மோட்டார் பெட்டியோடு கழன்று முன்னால் பாய்ந்து, மூன்று வயரும் இழுத்துப் பிடித்ததில் திரும்பி வந்து தரையில் குத்தியது. ப்ராப் மூன்று துண்டு. ஒரு துண்டு பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வடாம் துணி மேல் போய் விழுந்தது. நல்லவேளை, யாரும் இல்லை.

உடைந்த இடத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. எபாக்சி கண்ணாடித் தகடு மாதிரி முழுசாக உரிந்து வந்திருந்தது, அதில் மரத்தின் ஒரு நார்கூட ஒட்டியிருக்கவில்லை. நண்பர் பறக்கவிட்ட காலத்தில் எல்லாம் இன்ஜினிலிருந்து கசிந்த விளக்கெண்ணெய் ஃபயர்வாலுக்குள் ஊறிப்போய் இருந்திருக்கிறது. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போதவில்லை. ஹீட் கன்னைக் காட்டி டிஷ்யூ பேப்பரை அழுத்தினால் பேப்பர் ஒட்டுமொத்தமாக மஞ்சளானது. க்ளோவிலிருந்து மோட்டாருக்கு மாறுகிற யாரும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

சூடு காட்டு, கசிந்ததை ஒற்று, டால்கம் பவுடரைக் கொட்டி ஒரு இரவு விடு, தட்டிவிட்டு அசிட்டோன் போட்டுத் துடை. இப்படி இரண்டு வாரக் கடைசிகளில் நாலு சுற்று. நாலாவது தடவை பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகும் பசையை நம்பவில்லை. ஃபயர்வாலில் நாலு துளை போட்டு, பின்பக்கம் பல் வைத்த டி-நட் அடித்து, 4 மி.மீ. போல்ட் போட்டு இறுக்கினேன். எபாக்சி வெறும் துணைக்கு. மறுபடி அதே தூண், அதே கயிறு, இந்த முறை நான் பக்கவாட்டில் பத்தடி தள்ளி. முழு த்ராட்டிலில் 46 ஆம்பியர், 14.2 வோல்ட், 650 வாட்டுக்கு ஒட்டி. 8,700 ஆர்பிஎம். போட்ட கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது எனக்கே ஆச்சரியம்.

டேங்க் இருந்த இடத்தில் பேட்டரி போனது. அதை முன்னே பின்னே நகர்த்தியே சமநிலைப் புள்ளியை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 8.5 செ.மீ.-இல் கொண்டுவந்துவிட்டேன், ஒரு கிராம் ஈயம்கூட வைக்கவில்லை. பேட்டரியும் ஈஎஸ்சியும் சூடாகாமல் இருக்க, காற்று உள்ளே வரும் ஓட்டையைவிட வெளியே போகும் ஓட்டை பெரிதாக வேண்டும், அதை அடிவயிற்றில் வெட்டினேன்.

பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊரில் வரைபடத்தைப் பார்க்காமல் எங்கும் பறக்கவிட முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் அனுமதியுள்ள வெட்டவெளிக்குப் போனோம். முக்கால் த்ராட்டிலில் 30 அடி ஓடி எழும்பியது. ஏறுவதில் 46-க்குச் சளைக்கவில்லை. நேர்வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி 11×6-க்கு மணிக்கு 102 கி.மீ., இதற்கு 86. ட்ரெய்னருக்கு அதுவும் அதிகம். ஏமாந்தது இறக்கும்போதுதான். க்ளோ இன்ஜின் ஐடிலில் 2,500 சுற்றிக்கொண்டே இருக்கும், லேசாக இழுக்கும். மோட்டாரில் ரிமோட்டின் த்ராட்டில் குச்சியைக் கீழே தள்ளினால் இழுப்பு முழுசாக நின்றுவிடுகிறது. பழைய கை, பழைய இடத்தில் குறைத்தேன். விமானம் ஓடுபாதைக்கு இருபது அடி முன்னாலேயே சோளத்தட்டையில் உட்கார்ந்தது. சேதம் ஒன்றும் இல்லை. ஏழு நிமிடத்தில் 2,800 எம்ஏஹெச் போயிருந்தது. அன்று மட்டும் அக்கா மகன் ஐந்து முறை ஓட்டினான். இரண்டு பேட்டரியும் காரில் ஒரு சார்ஜரும் போதுமாக இருந்தது.

46 இப்போது தேக்கு ஸ்டாண்டிலேயே இருக்கிறது, உள்ளே எண்ணெய் விட்டு, எக்ஸாஸ்டில் துணி அடைத்து. மாதம் ஒருமுறை கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த ‘கிர்க்’கைக் கேட்டுவிட்டு மூடிவைக்கிறேன். போன வாரம் வேறு வேலையாகப் பேரிங் கடைக்குப் போனபோது அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

“என்னங்க, பிளேன் பறந்துச்சுங்களா?”

“பறந்துச்சுங்க. உங்க பேரிங்தான் இன்னும் பறக்கலீங்க.”